கணேஸின் கைராசி

பன்வில பஸ் கண்டிக்கு வந்து சேர்ந்ததும், இறங்குகிறவர்களில் இரண்டு மூன்று பேராவது நேரே அந்த மருந்துக்கடைக்குத்தான் வருவார்கள். கடைக்குச் சொந்தக்காரர் மக்கீன் முதலாளி. பெயர்ப்பலகையில் இருப்பது அவருடைய வாப்பாவின் பெயர். ஆனால் தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு அது கணேஸ் கடை. கவுண்டருக்குப் பின்னால் கணேஸ் நிற்கிறாரா என்று வாசலிலிருந்தே எட்டிப் பார்ப்பார்கள். இல்லையென்றால், “சாப்பிடப் போயிருக்காரா? பரவால்ல, இருந்து பாத்துட்டே போறோம்” என்று ஓரமாக நின்றுகொள்வார்கள்.

கணேஸும் பன்வில பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர்தான். சாதாரண தரப் பரீட்சையில் கணக்குப் பாடம் கைவிட்டதும் கண்டிக்கு வந்து, மருந்துப் பெட்டிகளை இறக்கி அடுக்குகிற வேலைக்கு இந்தக் கடையில் சேர்ந்தார். பிறகு டொக்டர்மாரின் கிறுக்கல் எழுத்து பிடிபட்டது. எந்தக் குளிசை எதற்கு என்பது மனப்பாடமானது. இப்போது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் சம்பளம் போய்விடும், அங்கே சிங்களத்தில் கேட்கிற கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொல்லவும் முடியாது என்று தயங்குகிறவர்களுக்குக் கணேஸ் பெரிய ஆறுதல். அவர் தமிழில் கேட்பார். பொறுமையாகக் கேட்பார். கையை நீட்டி, கண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்து, “ரத்தம் இல்லையேம்மா உடம்புல” என்பார். இரும்புச்சத்துக் குளிசையும் போலிக் அமில விட்டமினும் எண்ணிக் கட்டிக் கொடுப்பார். பல பேருக்கு அது கேட்கவும் செய்தது. தோட்டத்துப் பெண்களில் பலருக்கு உண்மையிலேயே இரும்புச்சத்துதான் குறைவு. அதனால் கணேஸுக்குக் கைராசி என்று பேர் வந்துவிட்டது. அந்தப் பேரை அவர் வெளியில் மறுத்தாலும் உள்ளுக்குள் ஆசையாக வைத்திருந்தார்.

வீடு குண்டசாலையில். மனைவி சுதர்சினி வீட்டிலிருந்தே தைப்பவள். ஜாக்கெட், ஸ்கூல் வெள்ளைச் சட்டை, கல்யாணத்துக்குப் பாவாடை தாவணி என்று அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து குவிப்பார்கள். ஒரே மகள் நிலூஷா கொழும்பில் வேலை செய்கிறாள். மாதத்தில் ஒரு தடவை வருவாள்.

டெங்கு நாடு முழுக்கப் பரவிய 2017இல் கணேஸும் படுத்துவிட்டார். ரத்தத்தில் பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போனது. ஆஸ்பத்திரி வாட்டு வாசலில் நின்று சுதர்சினி கதிர்காமத்து முருகனிடம் ஒரு நேர்த்தி வைத்தாள். இவர் எழுந்து வந்துவிட்டால் மீன், இறைச்சி, முட்டை எதையும் இனி ஆயுசுக்கும் தொடமாட்டேன் என்றாள். கணேஸ் எழுந்து வந்தார். அவளும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். நெத்தலிக் கருவாடு என்றால் உயிரை விடுகிறவள், அவருக்கும் மகளுக்கும் அதைப் பொரித்து வைத்துவிட்டு, பருப்பும் கீரையும் போட்டுச் சாப்பிட்டாள். கணேஸ் ஆரம்பத்தில் ஒருமுறை, “எனக்காக ஏன் இப்பிடி?” என்று கேட்டார். “அது எனக்கும் முருகனுக்கும் உள்ள பேச்சு, நீங்க நடுவுல வராதீங்க” என்று சிரித்தாள். அதோடு அவர் அதை மறந்துவிட்டார். 

அதற்குப் பிறகு சுதர்சினிக்குச் சீனி வியாதி என்று கண்டுபிடித்தார்கள். கிளினிக்கில் மெட்போமின் குளிசை எழுதினார்கள். கணேஸ் கடையிலிருந்தே அதைக் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு 2022இன் பொருளாதார நெருக்கடி வந்தது. பால்மா கண்ணில் படவேயில்லை. வந்தபோதும் விலையைக் கேட்டுத் திரும்பிவிட்டார்கள். வீட்டில் எல்லோரும் பாலில்லாத பிளேன்டீக்கு மாறினார்கள். நிலைமை சீரானதும் கணேஸ் மறுபடி பால்மா வாங்க ஆரம்பித்தார். சுதர்சினிக்குப் பிளேன்டீயே பழகிப்போனது.

அவள் சோர்ந்துபோக ஆரம்பித்தது எப்போது என்று கணேஸால் இன்றைக்கும் சரியாகச் சொல்ல முடியாது. அதுதான் அவரை அதிகமாகக் குடைகிற விஷயம். கடைக்கு வருகிற யார் யாருடைய கண்ணையோ இழுத்துப் பார்த்தவர், பக்கத்தில் படுக்கிறவளின் முகம் வெளுத்துப்போனதை அவள் வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் பார்த்தார்.

“என்னங்க, பஸ் ஹோல்ட்ல இருந்து வீட்டுக்கு ஏற முடியலங்க. நெஞ்சு படபடங்குது. நாக்கும் எரியுது, காரமே வைக்க முடியல.”

கணேஸ் அவளை ஜன்னல் பக்கம் திருப்பி இமையை இழுத்துப் பார்த்தார். வெளிறிக் கிடந்தது. லேசான மஞ்சள்கூடத் தெரிந்தது. அதை அவர் பொருட்படுத்தவில்லை.

“ரத்தம் குறைஞ்சிருக்கு. மரக்கறி மட்டும் தின்னா வேற என்ன நடக்கும்? நான் பாத்துக்கிறேன்.”

“ஒருதரம் டொக்டர்கிட்ட காட்டிட்டா?”

“டொக்டர் என்ன குடுப்பாரோ அதத்தானே நானும் குடுக்கப்போறேன்? லைன்ல நின்னு, ரத்தம் குத்தி எடுத்து, கடைசியில இதே குளிசையத்தான் எழுதுவாங்க.”

மறுநாள் இரும்புச்சத்துக் குளிசையும், போலிக் அமிலத்தில் கூடின அளவுக் குளிசையும் கொண்டுவந்தார். சில கிழமைகளில் அவள் முகத்தில் கொஞ்சம் நிறம் வந்தது. மேட்டை ஒரே மூச்சில் ஏறினாள். கணேஸுக்குப் பெருமை தாங்கவில்லை. கடையில் ஒரு பெண் தன் மகளுக்கு ரத்தம் குறைவு என்று வந்தபோது, “என் வீட்டுக்காரிக்கே இதத்தான் குடுத்தேன், இப்ப பாருங்க எப்பிடி இருக்கான்னு” என்று சொன்னார். மக்கீன் முதலாளிகூடச் சிரித்துக்கொண்டே, “கணேஸ், நீங்க இனி டொக்டர்னு பலகை போட்டுட்டு ஒக்கார வேண்டியதுதான்” என்றார்.

அதற்குப் பிறகுதான் கால் பிரச்சினை தொடங்கியது. பாதத்தில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது என்றாள். பிறகு பஞ்சுமேல் நடப்பதுபோல் இருக்கிறது என்றாள். ஒருநாள் ஒரு கால் செருப்பு வழியில் கழன்று விழுந்ததே தெரியாமல் பக்கத்துக் கடைக்குப் போய் வந்திருந்தாள். தையல் மெஷினின் மிதிபலகையில் கால் எங்கே இருக்கிறது என்பது குனிந்து பார்த்தால்தான் தெரிந்தது. தையல் கோணியது. ஜாக்கெட் தைக்கக் கொடுத்தவர்கள் திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

கணேஸிடம் அதற்கும் பதில் இருந்தது. “சீனி நரம்புக்கு எறங்கிருச்சு. சோத்தைக் குறைன்னு எத்தனை தரம் சொல்றேன், கேக்கிறியா நீ?”

“கிளினிக்ல சீனி நல்லா இருக்குன்னுதானே சொன்னாங்க?”

“அவங்க சொன்னாங்க! வாயைக் கட்டினாத்தானே கால் சரியாகும்?”

ஒரு பூப்புனித நீராட்டு விழாவுக்குப் போகிறபோது அவள் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்ததைப் பார்த்து, “என்ன, இப்பவே கெழவி மாதிரி? ஆள்கள் பாக்கிறாங்க, கொஞ்சம் எட்டி வை” என்று கணேஸ் சொன்னார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். அன்று விழா வீட்டில் அவள் கதிரையை விட்டு எழும்பவேயில்லை. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோதும், இங்கேயே கொண்டுவரச் சொல்லுங்கள் என்றாள். தான் சொன்ன அந்தக் ‘கெழவி’ இப்போதும் குளிக்கும்போது, பஸ்ஸில் நிற்கும்போது திடீரென்று நினைவுக்கு வந்து கணேஸைக் கூசவைக்கும்.

நிலூஷா வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சுதர்சினி குழாயடியில் முகம் கழுவினாள். சவர்க்காரம் போட்டுக் கண்ணை மூடினதும், யாரோ தள்ளிவிட்டதுபோல் அப்படியே சாய்ந்தாள். சீமெந்துத் திட்டில் நெற்றி அடிபட்டு ரத்தம் வழிந்தது. ஓடிவந்து தூக்கின நிலூஷாவிடம், “கண்ணை மூடினா நிக்க முடியல பிள்ள, தரை எங்க இருக்குன்னே தெரியல” என்றாள்.

“எத்தனை நாளா இப்பிடி?” என்று நிலூஷா கேட்டாள். தாயிடம் கேட்டாலும் அவள் பார்வை அப்பாமேல்தான் இருந்தது. கணேஸ் பஞ்சும் மருந்தும் எடுத்து வந்தார். நிலூஷா அவர் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டு, “திரீவீல் ஒண்ணு கூப்பிடுங்கப்பா, ஆஸ்பத்திரிக்குப் போவோம்” என்றாள்.

நெற்றிக்குத் தையல் போட்டவர்கள் அப்படியே வாட்டில் நிறுத்திக்கொண்டார்கள். ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் வந்து பார்த்த டொக்டர் நஸ்லியா தமிழ் பேசினார். கட்டிலோரமாக உட்கார்ந்து, சுதர்சினியின் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். நாக்கு மழமழவென்று சிவந்திருந்தது. இசைக்கவை மாதிரியான ஒன்றைத் தட்டிக் கணுக்கால் எலும்பில் வைத்து, “அதிருதா?” என்று கேட்டார். சுதர்சினி, “என்னது அதிரணும்?” என்றாள்.

“இது சீனியால வந்த கால் இல்ல,” என்றார் டொக்டர். “சீனி கட்டுப்பாட்டுலதான் இருக்கு. இவங்களுக்கு விட்டமின் பி12 உடம்புல கிட்டத்தட்ட இல்லவே இல்ல. மீன், முட்டை சாப்பிடுறீங்களா?”

“இல்லங்க டொக்டர். நேர்த்தி.”

“பால்?”

“அதுவும் இப்ப இல்லங்க.”

“போதாததுக்குச் சீனிக்குப் போடுற இந்தக் குளிசையும் வருசக்கணக்காப் போட்டா பி12 உடம்புல சேர்றதக் குறைக்கும். எல்லாமாச் சேர்ந்திருக்கு.” டொக்டர் ரிப்போட்டைப் புரட்டினார். “ஆனா ஒண்ணு எனக்கு விளங்கல. நரம்பு இவ்வளவு கெட்டுப்போன ஆளுக்கு ரத்தம் இதைவிட மோசமா இருக்கணும். ரத்தம் ஏதோ தேறின மாதிரி இருக்கு. போலிக் அமிலம் ஏதாவது போட்டீங்களா?”

கணேஸ் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். வாயைத் திறந்தால் சொல்ல வேண்டியது இரண்டே வார்த்தை. அந்த இரண்டு வார்த்தை வரவில்லை.

“ஆமாங்க,” என்றாள் சுதர்சினி. “முன்னுக்கு எப்பவோ ஒரு கிளினிக்ல குடுத்தாங்க. அதை நானே வாங்கி வாங்கிப் போட்டேன்.”

அவள் கணேஸின் பக்கம் திரும்பவேயில்லை.

“அப்பிடிச் செய்யக்கூடாதும்மா,” என்றார் டொக்டர். “ரத்த அணு முத்தி வளர்றதுக்குப் போலிக் அமிலமும் வேணும், பி12உம் வேணும். பி12 இல்லாத ஆளுக்குப் போலிக் அமிலத்தை மட்டும் அள்ளிக் குடுத்தா ரத்தம் கொஞ்சம் சரியாகிற மாதிரிக் காட்டும். முகத்துல நிறம் வரும், நடக்கத் தெம்பு வரும். ஆனா நரம்புக்கு அது உதவாது. வெளியில நல்லாத் தெரிய, உள்ளுக்கு நரம்பு கெட்டுக்கிட்டே போகும். நோய் மறைஞ்சு நின்னுதான் இவ்வளவு தூரம் வந்திருக்கு.”

“சரியாகுமா?” என்று நிலூஷா கேட்டாள்.

“ஊசி தொடங்குவோம். ரத்தம் சீக்கிரம் சரியாகும். கால் எவ்வளவு திரும்பும்னு இப்ப சொல்ல முடியாது. முன்னமே வந்திருந்தா வேற மாதிரிச் சொல்லியிருப்பேன்.”

பார்வையாளர் நேரம் முடிவதற்குள் நிலூஷா மருந்து வாங்கப் போனபோது கணேஸ் கட்டிலுக்குக் கிட்டே வந்தார்.

“ஏன் அப்பிடிச் சொன்ன?”

“வேற எப்பிடிச் சொல்ல? இந்த வாட்டுலயே நம்ம பக்கத்து ஆள்கள் நாலு பேர் படுத்திருக்காங்க. ஒங்களப் பாத்ததும் எழும்பி ஒக்காந்து கும்பிட்டாங்களே, பாக்கல?” அவள் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். “ஒங்களுக்கு இருக்கிறது அந்தப் பேர் ஒண்ணுதானே.”

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் சாதாரணமாகச் சொன்னாள். கணேஸ் நடைவழிக்கு வந்து சுவரில் சாய்ந்து நின்றார்.

அடுத்த நாள் கடைக்குப் போகாமல், டொக்டர் நஸ்லியாவின் அறை வாசலில் நின்றார். உள்ளே போனதும் டொக்டர் உட்காரச் சொன்னார், கணேஸ் உட்காரவில்லை.

“டொக்டர், அந்தப் போலிக் அமிலக் குளிசை கிளினிக்ல குடுத்தது இல்லங்க. நான்தான் குடுத்தேன். நான் மருந்துக்கடையில வேலை செய்றவன். என் பேரக் காப்பாத்த அவ பொய் சொன்னா. நானும் வாயை மூடிக்கிட்டு நின்னுட்டேன்.”

டொக்டர் ஏசுவார் என்று எதிர்பார்த்து நின்ற கணேஸுக்கு அந்த ஏச்சுக் கிடைக்கவில்லை.

“ரத்தம் பாக்கச் சொன்னீங்களா குடுக்க முந்தி?”

“இல்லங்க. கண்ணைப் பாத்துத்தான்.”

“கண்ணைப் பாத்தா ரத்தம் கொறைவுன்னு தெரியும். ஏன் கொறைஞ்சதுன்னு தெரியாது.” டொக்டர் தன் பேனையைக் கீழே வைத்தார். “இங்க கண்டிப் பக்கத்துல நான் பாக்கிறவங்களையே எடுங்க. ஒரு பொம்பளைக்கு மாசா மாசம் அதிகமாப் போறதால ரத்தம் கொறையும். ஒரு பிள்ளையோட ரத்தத்தை வயித்துல இருக்கிற கொக்கிப் புழு குடிக்கும். அவங்களுக்கு இரும்பு கொறைஞ்சு சிவப்பணு சின்னதா, வெளுப்பாப் போகும். இன்னொருத்தருக்குப் பிறவியிலேயே தலசீமியாங்கிற ரத்த நோய். அவர் அணுவும் சின்னதுதான், ஆனா அவருக்கு இரும்பு கொறைஞ்சிருக்காது, சும்மா குடுத்தா அது உடம்புல தங்கித் தீங்குதான் செய்யும். ஒங்க வைஃப்க்கு அணு பெருசு பெருசா, முத்தாம இருக்கு. கிட்னி கெட்டவருக்கு அணு அளவாத்தான் இருக்கும், எண்ணிக்கை போதாது. இவங்க எல்லாரும் ஒங்க முன்னால வந்து நின்னா எல்லாருடைய கண்ணும் ஒரே மாதிரித்தான் வெளிறியிருக்கும். விளங்குதா?”

“விளங்குது டொக்டர்.”

“நீங்க வந்து சொன்னது நல்லது. ஆனா எங்கிட்டச் சொல்லி என்ன? ஒங்க வைஃப்க்கு நான் ஊசி எழுதிட்டேன். இவ்வளவு வருசத்துல வேற யாருக்கெல்லாம் குடுத்தீங்க? அவங்களை யார் பாக்கிறது?”

அந்தக் கேள்வி கணேஸைப் பஸ்ஸில் ஏறவிடவில்லை. அன்று ஆஸ்பத்திரியிலிருந்து நகரம் வரைக்கும் நடந்தே போனார். ஒவ்வொரு முகமாக மனதில் வந்தது. பேர் தெரியாத முகங்கள்தான் அதிகம். குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண். தலையில் துவாய் கட்டின ஒருத்தி. பேரும் தோட்டமும் தெரிந்த முகம் ஒன்று வந்தபோது கணேஸ் நடையை நிறுத்திவிட்டார். அது சின்னமுத்து அண்ணன்.

சின்னமுத்து, கணேஸ் பிறந்த அதே தோட்டத்துக்காரர். வேலையிலிருந்து நின்று, இப்போது வீட்டுப் பக்கத்தில் மரக்கறி போடுகிறவர். முழங்கால் வலி என்று வந்தவருக்குக் கணேஸ் வலிக் குளிசை கொடுத்தார். அது கேட்டது. அதனால் மாதா மாதம் வந்து வாங்கினார். பிறகு ஒருநாள், “தம்பி, மண்வெட்டி தூக்க முடியல, தலை சுத்துது” என்று வந்தார். கணேஸ் இமையை இழுத்துப் பார்த்து இரும்புச்சத்துக் குளிசையும் சேர்த்துக் கொடுத்தார். அடுத்த தடவை சின்னமுத்து வெட்கப்பட்டுக்கொண்டே காதோரம் குனிந்து, “வெளிக்குப் போறது கறுப்பாப் போகுது தம்பி” என்றார். “இரும்புக் குளிசை போட்டா அப்பிடித்தான்ணே கறுப்பாப் போகும், பயப்படாதீங்க” என்றார் கணேஸ். அதற்குப் பிறகு அவர் கடைப் பக்கம் வரவில்லை. குணமாகிவிட்டார் என்று கணேஸ் நினைத்துக்கொண்டார். உண்மையில், நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

இரும்புக் குளிசை போட்டால் கறுப்பாகத்தான் போகும். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தாலும் கறுப்பாகத்தான் போகும். வலிக் குளிசை வயிற்றைப் புண்ணாக்கும் என்பது அந்தக் கடையில் பெட்டி அடுக்குகிறவனுக்கும் தெரியும். இந்த மூன்றும் கணேஸின் தலைக்குள் தனித்தனியாக இருந்தன. ஒரே மனிதனுக்குள் அவற்றைச் சேர்த்துப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை.

பன்வில பஸ்ஸில் ஏறி, இறங்கி, தோட்டத்து ரோட்டில் ஏறிப் போனார். வழியில் தெரிந்தவர்கள் நிறுத்தி நலம் விசாரித்தார்கள். “யாருக்காச்சும் சுகமில்லையா, டொக்டரய்யாவே வந்திருக்கீங்க?” என்று ஒருத்தி சிரித்தாள். கணேஸ் சிரிக்க முயன்றார்.

சின்னமுத்து வீட்டுக்குள் படுத்திருந்தார். காகிதம் மாதிரி வெளுத்திருந்தார். எழுந்து உட்காரும்போதே மூச்சு வாங்கியது. மகன் அழகமுத்துதான் கதிரையை இழுத்துப் போட்டான்.

“கண்டிக்கு வர முடியல தம்பி,” என்றார் சின்னமுத்து. “ஆனா குளிசையை விடல. யார் போனாலும் காலிக் குளிசை அட்டையக் குடுத்து வாங்கிட்டு வரச் சொல்லுவேன். ரெண்டு குளிசையும்.”

“அண்ணே, வெளிக்குப் போறது இன்னும் கறுப்பாத்தான் போகுதா?”

“தார் மாதிரிப் போகுது. நாத்தம் தாங்க முடியல. நீதான் சொன்னியே, அப்பிடித்தான் போகும்னு.”

கணேஸ் எழுந்தார். “அழகமுத்து, வேன் ஒண்ணு பாரு. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்.”

“நாளைக்கு…”

“நாளைக்கு இல்ல. இப்ப.”

அன்று வேன் இறங்கிவந்த வளைவுகளில் சின்னமுத்துவின் தலையைத் தன் தோளில் தாங்கிக்கொண்டு வந்தார் கணேஸ். ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். குழாய் விட்டு வயிற்றைப் பார்த்தார்கள். பெரிய புண் ஒன்று கசிந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் கொண்டுவந்தும் பிரயோசனமில்லை என்று அங்கே சொன்னார்கள்.

சின்னமுத்து கண் தெளிந்து உட்கார்ந்ததும் பக்கத்துக் கட்டில்காரர்களிடமெல்லாம், “இந்தத் தம்பிதான் வீடு தேடி வந்து உயிரைக் குடுத்தது” என்று சொன்னார். கணேஸ் இரண்டு நாள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் கேட்க முடியவில்லை. அழகமுத்துவும் பக்கத்தில் இருக்கும்போதே சொன்னார்.

“அண்ணே, இந்தப் புண்ணு நான் குடுத்த வலிக் குளிசையால வந்தது. அது கசிஞ்சுதான் ரத்தம் கொறைஞ்சுச்சு. அதுக்கு நான் இரும்பு குடுத்தேன். கறுப்பாப் போகுதுன்னு நீங்க வந்து சொன்னப்பவும், பயப்படாதீங்கன்னு திருப்பி அனுப்பினதும் நான்தான்.”

சின்னமுத்து முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“வெறும் வயித்துல போடாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் தம்பி,” என்றார். “நான் வெடிய எந்திரிச்சதும் வெறும் தேத்தண்ணியோடதான் போடுவேன். நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.”

“ஆமாண்ணே.”

“கேட்டிருக்கலாம்.”

அழகமுத்து எழுந்து வெளியே போய்விட்டான். கணேஸ் எழும்பும்வரை திரும்பி வரவில்லை.

இப்போது கடையில், டொக்டர் துண்டு இல்லாமல் ரத்தக் குறைவுக்கு மருந்து கேட்டு வருகிறவர்களுக்குக் கணேஸ் குளிசை எண்ணுவதில்லை. “முதல்ல ரத்தம் பாருங்க, என்ன வகைன்னு தெரியணும்” என்கிறார். எங்கே போக வேண்டும், எந்த நாளில் கிளினிக், சிங்களத்தில் என்ன கேட்பார்கள், அதற்கு எப்படிப் பதில் சொல்லணும் என்றெல்லாம் சொல்லிக் கொடுக்கிறார். சிலர் கேட்கிறார்கள். பலர் முகத்தைச் சுளித்துக்கொண்டு எதிர்ப்பக்கத்துக் கடைக்குப் போய் அதே குளிசையை வாங்குகிறார்கள். “கணேஸுக்கு இப்ப தலைக்கனம்” என்று பன்வில பஸ்ஸில் பேச்சு. மக்கீன் முதலாளியும் ஒருநாள், “வர்ற ஆள எல்லாம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினா நாங்க எதுக்குக் கடை தொறந்து வச்சிருக்கோம் கணேஸ்?” என்று கேட்டார். நடந்ததையெல்லாம் கணேஸ் சொன்னார். முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு வலிக் குளிசை அடுக்கியிருந்த தட்டைக் கவுண்டரிலிருந்து உள்ளே மாற்றச் சொன்னார். 

பழைய முகங்களைத் தேடி இன்னும் சில தோட்டங்களுக்குப் போய்வந்தார் கணேஸ். கண்டுபிடித்தவர்கள் கொஞ்சம். குழந்தையை இடுப்பில் வைத்திருந்த அந்தப் பெண் யாரென்று இன்றுவரை தெரியவில்லை.

சுதர்சினியின் நாக்கு ஆறியது. முகத்து மஞ்சள் போனது. மேட்டை மூச்சு வாங்காமல் ஏறுகிறாள். பாதத்தில் பாதி உணர்வு திரும்பியிருக்கிறது; மீதி திரும்புமா என்று டொக்டர் நஸ்லியா இப்போதும் உறுதி சொல்வதில்லை. இருட்டில் சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறாள். மிதிபலகையை விட்டுவிட்டு, நிலூஷா வாங்கித் தந்த கரண்ட் மெஷினில் தைக்கிறாள். அதிலும் கால் அமுக்குகிற பகுதியைக் கணேஸ் மேசைக்கு மேலே ஏற்றி, கையால் அமுக்குகிற மாதிரிக் கட்டிக் கொடுத்தார். ஊசி போட்டுக்கொண்டால் நேர்த்தியை விடவேண்டியதில்லை என்று டொக்டர் சொன்னதும் அவளுக்குப் பெரிய நிம்மதி. நெத்தலியைக் கண்டால் கணேஸுக்குத்தான் தொண்டையில் இறங்குவதில்லை. அவள் மட்டும் வழக்கம்போலப் பொரித்து வைக்கிறாள்.

பி12 ஊசி இப்போது குறித்த இடைவெளியில் ஒன்று. ஊசி போடக் கணேஸுக்கு நன்றாகத் தெரியும். அந்தக் காலத்தில் கடைக்குப் பின்னறையில் எத்தனையோ பேருக்குப் போட்டிருக்கிறார். கிளினிக்குக்கு அலைய வேண்டாமே என்று, மருந்தும் ஊசியும் வாங்கிவந்து மேசையில் வைத்தார்.

சுதர்சினி அதைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். 

“வேணாங்க,” என்றாள் மெதுவாக. “நான் கிளினிக்லயே போட்டுக்கிறேன்.”

கணேஸ் மருந்தை அலமாரியில் எடுத்து வைத்துவிட்டுச் சட்டையை மாட்டினார். இருவரும் பஸ்ஸில் போனார்கள். இறங்கும்போது அவள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். நர்ஸ் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் அவள் தனியாகவே எழுந்து உள்ளே போனாள். கணேஸ் வாசலுக்கு வெளியே, மற்ற நோயாளிகளின் ஆட்களோடு பெஞ்சில் காத்திருந்தார்.